குண்டுக்குத் தப்பினாலும் கொசுவுக்குத் தப்பவில்லை

(சின்னக்கானலில் தோட்டத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்நாட்டுப் போரில் ஒரு சிப்பாயின் அன்றாடமும் அவனைப் பிடிக்கும் நோயும்தான் இன்றைய பொருள். வாசலில் ஒரு தம்பி கேட்டார்: “சார், சின்னக்கானலுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? இங்கே சண்டையெல்லாம் ஆனைக்கும் நமக்கும்தானே?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லியே தொடங்குகிறேன்.

சம்பந்தம் இரண்டு இருக்கிறது. ஒன்று, நீங்கள் தினமும் ஜீப்பில் போய்வருகிற சாலை. கொச்சி–தனுஷ்கோடி ரோடு என்றுதான் இன்றைக்கும் நம் ஆட்கள் சொல்கிறார்கள். பூப்பாறை, போடிமெட்டு இறங்கி, தேனி, மதுரை, ராமநாதபுரம் தாண்டிப் போனால் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார். 1983 முதல் 2009 வரை இலங்கை அரசுப் படைக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் உள்நாட்டுப் போர் நடந்த மண் அது. அங்கே இருபக்கமும் துப்பாக்கி பிடித்தவர்களையும், இந்தியாவிலிருந்து போன பட்டாளத்துக்காரர்களையும் காய்ச்சல் என்ன பாடுபடுத்தியது என்பது நம் வீட்டுக்கு அடுத்த தெருக் கதை.

இரண்டாவது சம்பந்தம் ஒரு மரப்பட்டை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். துரைமார் எடுத்த எடுப்பில் தேயிலை போடவில்லை. காப்பி போட்டார்கள், ஏலம் போட்டார்கள், சிங்கோனா போட்டார்கள். 1880 வாக்கில் ஏ.எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டுப் பார்த்த பிறகுதான் மலையின் பச்சை மாறத் தொடங்கியது. அந்தச் சிங்கோனா மரத்தின் பட்டையில்தான் கொய்னா இருக்கிறது. மலேரியாவுக்கு அன்றைக்கு உலகத்தில் இருந்த ஒரே உருப்படியான மருந்து அதுதான். வெப்பநாடுகளில் ஓர் அரசு தன் படையை நிறுத்திவைக்க வேண்டுமென்றால் பட்டை வேண்டும். நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் அரசாங்கமே சிங்கோனாத் தோட்டம் போட்டதற்குப் பின்னால் அந்தக் கணக்கு இருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். சிப்பாயைச் சாகவிடுவதும் காப்பாற்றுவதும் பெரும்பாலும் போர்க்களம் இல்லை. அவன் குடிக்கிற தண்ணீர், படுக்கிற இடம், விழுங்குகிற மாத்திரை, கொல்லைக்குப் போகிற குழி, இவைதான். இந்தச் சின்னச் சின்ன வேலைகளை யாராவது ஒழுங்காகச் செய்தால் அவன் ஊர் திரும்புவான். செய்யாவிட்டால் எதிரி ஒரு குண்டைக்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861 முதல் 1865 வரை வடக்கும் தெற்கும் மோதின. செத்தவர்கள் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2011-ல் டேவிட் ஹேக்கர் என்ற வரலாற்று ஆய்வாளர் மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்து, அது 7,50,000 வரை இருக்கும் என்றார். எந்தக் கணக்கை எடுத்தாலும் மூன்றில் இரண்டு பங்குபேர் நோயில் செத்தவர்கள் என்பதுதான் பொதுவான மதிப்பீடு.

அந்தச் சிப்பாயின் ஒருநாளைப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் கொம்பு ஊதுவார்கள். நம் காலைப் பெரட்டு மாதிரி வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். பிறகு அணிவகுப்பு, விறகு பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, மறுபடி அணிவகுப்பு. சண்டை என்பது மாதக்கணக்கில் வராது. சாப்பாடு என்றால் உப்புப் போட்ட பன்றிக்கறி, அவரை, காப்பி, அப்புறம் மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட சதுர பிஸ்கட். கல்லால் உடைத்துத் தின்ன வேண்டிய அளவுக்கு அது கெட்டி. பல மாதம் கிடங்கில் கிடந்ததால் உள்ளே வண்டு இருக்கும். பிஸ்கட்டைச் சூடான காப்பியில் முக்குவார்கள். வண்டுகள் செத்து மேலே மிதக்கும். கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் காப்பிதான் பலரைக் காப்பாற்றியது. கிருமி என்றால் என்ன என்று அன்றைக்கு டாக்டருக்கே தெரியாது. தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்வார் யாருமில்லை. காப்பிக்காகக் கொதிக்கவைத்தவன் தன்னையறியாமல் தப்பினான். ஓடையில் அப்படியே மொண்டு குடித்தவனுக்கு வயிற்றால் போனது. ஏனென்றால் கழிப்பிடக் குழியை ஓடைக்குப் பக்கத்திலேயே வெட்டியிருந்தார்கள். வடக்குப் படையில் மட்டும் வயிற்றுப்போக்கும் சீதபேதியும் 15 லட்சம் முறைக்கு மேல் பதிவாகியிருக்கின்றன.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில், அக்கம்பக்கம் வீடில்லாத பண்ணைகளில் வளர்ந்த பையன்கள்தான் முதலில் படுத்தார்கள். பட்டணத்துப் பையனுக்குச் சின்ன வயதிலேயே தட்டம்மை வந்து போயிருக்கும். கிராமத்துப் பையனுக்கு அது முகாமில்தான் முதல்முறை. ஆயிரம் பேரை ஒரே இடத்தில் கூடாரம் போட்டு அடைத்தால் என்ன ஆகும்? பல ரெஜிமென்டுகள் முதல் சண்டையைப் பார்க்கும் முன்பே நோயால் மெலிந்துபோயின.

வைத்தியம் நோயைவிட மோசமாக இருந்த இடங்களும் உண்டு. எதற்கெடுத்தாலும் பாதரசம் கலந்த ‘கலோமெல்’ என்ற பொடியைக் கொடுத்தார்கள். வாய் வெந்து, பல் ஆடி, எச்சில் ஒழுகும். 1863-ல் படையின் தலைமை மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் அதை மருந்துப் பட்டியலிலிருந்தே தூக்கினார். டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு வருஷம் வேறு குற்றச்சாட்டுகளின் பேரில் விசாரணை நடத்தி ஹாமண்டைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் ‘லிட்டில் விமன்’ நாவல் எழுதிப் புகழ்பெற்ற லூயிசா மே ஆல்காட் அந்தப் போரில் வாஷிங்டன் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தார். சில வாரங்களிலேயே டைபாய்டு பிடித்து, இதே கலோமெல்லைத் தின்று, வீட்டுக்குத் திரும்பினார். உயிர் தப்பினார், பழைய உடம்பு திரும்பவில்லை.

இன்னொரு நோயையும் அந்தப் படை மருத்துவர்கள் பதிவேட்டில் எழுதினார்கள். வீட்டு நினைப்பு. கேலி இல்லை, வடக்குப் படையில் 5,000 பேருக்கு மேல் அந்த நோயின் பெயரிலேயே சேர்க்கப்பட்டார்கள். பையன் சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், பேச மாட்டான், வேறொரு காய்ச்சல் வந்தால் எதிர்த்து நிற்க மாட்டான். பதினாறு வயதில் ஊரைவிட்டுத் தோட்ட வேலைக்கு வந்த நம் பாட்டிமாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இப்போது பட்டைக்கு வருவோம். அமெரிக்காவின் தென்பகுதியில் சதுப்பு நிலம் அதிகம். மலேரியா விளைகிற பூமி. வடக்குப் படை விஸ்கியில் கொய்னாத் தூளைக் கலந்து காலையில் வரிசையாகக் கொடுத்தது. கசப்புக்குப் பயந்து ஒளிந்தவன்கூட விஸ்கிக்காக வரிசையில் நின்றான். தெற்கின் துறைமுகங்களை வடக்குக் கப்பற்படை மறித்துவிட்டதால் தெற்குக்குக் கொய்னா தட்டுப்பாடு. கடத்தித்தான் கொண்டுவந்தார்கள். காட்டு மரப்பட்டைகளைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஒரு மருந்து போர்த் தடையாக மாறுவதை உலகம் அங்கே நன்றாகப் பார்த்தது. இதே காட்சியை யாழ்ப்பாணத்தில் மறுபடி பார்க்கப் போகிறோம்.

கொய்னா வேலை செய்கிறது என்று தெரியும், மலேரியா எதனால் வருகிறது என்று தெரியாது. அதைக் கண்டுபிடித்த இருவருமே பட்டாளத்து டாக்டர்கள். பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவெரான் 1880-ல் அல்ஜீரியாவில் காய்ச்சல்கார நோயாளியின் ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணியைக் கண்ணால் கண்டார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அதில் அந்த ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். அதே ஆண்டு ஊட்டிக்கு ஓய்வுக்கு வந்தவர் சீகூர் மலைச்சரிவுப் பக்கம் போய் மலேரியா வாங்கிக்கொண்டார் என்பது கூடுதல் செய்தி. கொசுதான் காரணம் என்று தெரிந்த பிறகும் அடிவாரத் தோட்டங்களில் காய்ச்சல் தொழிலாளிகளை வாரிக்கொண்டு போனது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல் அந்தக் கதைதான். தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று படித்திருப்பீர்கள்.

இனி அக்கரைக்குப் போவோம்.

1987 ஜூலை 29-ல் இந்திய–இலங்கை ஒப்பந்தம். மறுநாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அக்டோபரில் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் திரும்பினார். சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. கொழும்பை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அருகிலும் பலாலியிலும் அவர்கள் பெயர் தாங்கிய நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. கல்லில் பெயர் ஏறாதவர்கள் வேறு ரகம்: காய்ச்சலோடு முகாமில் சுருண்டவர்கள், மஞ்சள் காமாலையோடு கப்பலேறியவர்கள், ஊருக்கு வந்த ஆறாம் மாதம் வயலில் நின்றபடி நடுங்கத் தொடங்கியவர்கள்.

அந்த ஆறாம் மாத நடுக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. மலேரியாவில் வைவாக்ஸ் என்று ஒரு வகை. ரத்தத்தில் இருப்பதை மாத்திரை கொன்றுவிடும். கல்லீரலுக்குள் ஒரு பங்கு தூங்கிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து அது எழும். அதையும் கொல்ல வேண்டுமென்றால் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இன்று ஒரு காடு, நாளை ஒரு காடு என்று இடம் மாறிக்கொண்டே இருப்பவன் 14 நாள் எப்படிக் கணக்கு வைப்பான்? மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை மறந்துவிடுவான். நோயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவான்.

இலங்கை மலேரியாவுக்கு இன்னொரு குணம் உண்டு. மழை கொட்டினால் கொசு பெருகும் என்று நாம் நினைப்போம். அங்கே நோயைப் பரப்புகிற அனாபிலிஸ் கொசு ஆற்றுப்படுகையில் தேங்கிய தெளிந்த குட்டைகளில் முட்டையிடும். மழை பொய்த்து ஆறு வற்றினால் படுகை முழுக்கக் குட்டை. 1934–35-ல் பெரும் வறட்சிக்குப் பின் வந்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். வடக்கே வன்னிக் காட்டில் கோடையில் படையெடுத்துப் போனவர்கள், இருபக்கத்தாரும், அந்தக் குட்டைகளின் ஓரத்தில்தான் பங்கர் வெட்டினார்கள். ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் இருந்தது.

இரவுச் சென்றி நிற்பவனை நினைத்துப் பாருங்கள். சென்றி என்றால் காவல் முறை. விளக்கு கூடாது, புகை கூடாது, கை ஓங்கிக் கொசுவை அடித்தால் சத்தம் கேட்கும். அசையாமல் நிற்கிற மனிதனைவிடக் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? மலேரியாவே இல்லாத தென்னிலங்கை ஈரமண்டலக் கிராமங்களிலிருந்து வந்த சிங்களப் பையனுக்கு உடம்பில் எதிர்ப்பு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து காட்டுக்குப் போன தமிழ்ப் பையனுக்கும் அது அதிகமில்லை. 1995 அக்டோபரில் யாழ்ப்பாணம் காலியாகி லட்சக்கணக்கான மக்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தபோது, அவர்களையும் அதே காய்ச்சல் பிடித்தது. நெருப்புக் காய்ச்சல் என்று அவர்கள் சொல்லும் டைபாய்டும், செங்கண்மாரி என்கிற மஞ்சள் காமாலையும் கூடவே வந்தன.

மணல் ஈ கடித்து வரும் தோல் புண்ணும் இருந்தது. லீஷ்மேனியாசிஸ் என்பது மருத்துவப் பெயர். கையிலோ முகத்திலோ ஒரு சிறு கட்டி, பிறகு ஆறாத புண். வலி இருக்காது. வலிக்காததால் யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். 2000-க்குப் பின் வடக்குக் காடுகளில் நின்ற இராணுவத்தினரிடம் இது நிறையக் காணப்பட்டது.

போராளிகள் வசமிருந்த பகுதிகளுக்குள் போன பொருள்கள் பலவற்றுக்கு 1990 முதல் தடை. மண்ணெண்ணெய், பேட்டரி, சவர்க்காரம், மெழுகுவர்த்தி எல்லாம் தடைப்பட்டியலில் வந்து போயின. மருந்துக்கும் அளவு வைத்தார்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் போட்டு விளக்கெரித்தார்கள். பனம்பழத்தைக் கரைத்துத் துணி துவைத்தார்கள். சவர்க்காரம் இல்லாத இடத்தில் சொறி வரும், வயிற்றோட்டம் வரும். தடைப்பட்டியல் எழுதியவர் மேசையில் அது ஒரு வரி. போராளிக்கும், அவன் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் அது ஒரே மாதிரிப் பட்டது.

இத்தனைக்கும் நடுவில்தான் நான் உங்களிடம் சொல்ல விரும்பும் நிகழ்வு நடந்தது. இலங்கையில் 1963-ல் ஆண்டு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். ஜெயித்துவிட்டோம் என்று மருந்தடிக்கும் பம்பைக் கீழே வைத்தார்கள். 1969-ல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். பிறகு போர் வந்தது. 1999-ல் எண்ணிக்கை 2,60,000-க்கு மேல். அந்த ஊரில் நோய் ஒழியும் என்று யார் நம்பியிருப்பார்? ஆனால் அங்கே உள்நாட்டு மலேரியாவின் கடைசி நோயாளி பதிவானது 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது.

எண்ணிக்கை சரிந்ததில் பெரும்பகுதி போர் முடிவதற்கு முன்பே நடந்தது. மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் அரசுச் சம்பளக்காரர்கள். ஆனாலும் போராளிகள் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் சுவரில் மருந்தடித்தார்கள், கொசுவலை கொடுத்தார்கள், விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இராணுவச் சோதனைச்சாவடியும் அவர்களை விட்டது. போராளிகளின் சோதனைச்சாவடியும் விட்டது. இருவருக்கும் வேறு வழியில்லை. இந்தப் பக்கச் சிப்பாயைக் கடித்த கொசு அந்தப் பக்கப் போராளியையும் கடிக்கும். 1995-லிருந்து போலியோ சொட்டுமருந்து நாட்களில் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க இரு தரப்பும் இசைந்ததும் இதே கணக்கில்தான். கடைசி ஆண்டுகளில் மிஞ்சிய மலேரியா நோயாளிகளில் கணிசமானோர் காட்டு முகாம்களில் நின்ற படைவீரர்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்த பிறகுதான் வேலை முடிந்தது.

இதைக் கேட்டு, நோய் மனிதர்களைச் சேர்த்துவைத்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கொசு மருந்துக்கு வழிவிட்ட அதே போர், 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணை விழுவதையும் பார்த்தது. நோயாளிகள் படுத்திருந்த கட்டடம் அது. அதன் பிறகு மே மாதம் வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாகக் காயக்காரர்களும் நோயாளிகளும் உடன் இருந்தவர்களுமாக 13,000 பேருக்கு மேல் வெளியே கொண்டுவந்தது. எஞ்சியவர்கள் உப்புக் கஞ்சியோடு கடற்கரை மணலில் கிடந்தார்கள். கொசுவைப் பற்றி ஒத்துப்போக முடிந்தவர்களுக்கு மருத்துவமனையைப் பற்றி ஒத்துப்போக முடியவில்லை. முடியாத காரியம் இல்லை என்பதற்கு மலேரியா சாட்சி. செய்யவில்லை என்பதற்குப் புதுக்குடியிருப்பு சாட்சி.

ஒழுங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஜெனரல் ஸ்லிம்மின் படையில், 1943-ல் காயம்பட்டுப் பின்னுக்கு வந்த ஒருவனுக்கு நோயால் வந்தவர்கள் 120 பேர். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை கொடுத்தார்கள். தோல் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்று புரளி வேறு. சிப்பாய்கள் வாயில் வைத்துத் துப்பினார்கள். ஸ்லிம் சிப்பாயைத் தண்டிக்கவில்லை. திடீர் ரத்தப் பரிசோதனை வைத்து, மாத்திரை சாப்பிடாத பிரிவுகளின் அதிகாரிகள் மூவரை வேலையை விட்டு நீக்கினார். காய்ச்சல் இறங்கியது. உழைப்பவன் உடம்புக்குப் பொறுப்பு அவனை வேலை வாங்குகிறவனுக்கு என்பதுதான் அதன் பொருள். தோட்டங்களில் இருக்கிற சூப்பர்வைசர்களும் அதிகாரிகளும் இதைக் காதில் வாங்க வேண்டும்.

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். ஏலக்காட்டிலும் தேயிலைக்காட்டிலும் இன்று ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்துத் தம்பிகள், தங்கைகள் நம்மோடு வேலை செய்கிறார்கள். மத்திய இந்தியக் காடுகளில் மாவோயிஸ்டுகளுக்கும் படைகளுக்கும் நடந்த மோதலிலும் இதே கதை. சத்தீஸ்கரின் பஸ்தரில் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம்களுக்கு மலேரியா பெரிய தொல்லை. காட்டுக் கிராமத்து ஆதிவாசிகளுக்கு அதைவிடப் பெரிய தொல்லை. 2020-ல் சத்தீஸ்கர் அரசு ‘மலேரியா முக்த் பஸ்தர்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி வீடுவீடாக ரத்தம் பார்த்தது, காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்து. அந்தப் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி நம் லயங்களுக்கு வருகிறார்கள். கேரளத்தில் இன்று பதிவாகும் மலேரியாவில் பெரும்பகுதி வெளியூரில் தொற்றியது. இதைக் கேட்டதும் ‘அவங்கதான் கொண்டுவர்றாங்க’ என்று விரல் நீட்டுவது சுலபம். விரல் நீட்டினால் அவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்தால் கொசு வேலையைத் தொடரும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பக்கத்து லயத்தில் ஒருவர் குளிர்காய்ச்சலில் நடுங்கினால், எந்த மாநிலம், என்ன பாஷை என்று விசாரிப்பதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆஷா அக்காவிடமோ அழைத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மலேரியா என்று வந்து 14 நாள் மாத்திரை எழுதிக்கொடுத்தால், 14-ஆம் நாள் வரை அவர் விழுங்குகிறாரா என்று பாருங்கள். அந்த நாட்களுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள் என்று எஸ்டேட்டில் கேளுங்கள்; தொழிற்சங்கத்தில் கேட்க வையுங்கள். எதிரெதிர் முகாம்களில் துப்பாக்கியோடு நின்றவர்களே இந்த ஒரு வேலைக்குச் சம்மதித்தார்கள். ஒரே காட்டில் வேலை செய்கிற நமக்குச் சம்மதிக்க என்ன தடை?

கேள்விகள் இருந்தால் பேசலாம்; கடைசி ஜீப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.